களஞ்சியத்து மூலையில் கண்ட பல்லி

ஆண்டுக்கொருமுறை சங்கக் கிடங்குகளுக்குச் சென்று, பதிவேட்டில் உள்ள இருப்பும் தரையில் உள்ள இருப்பும் ஒத்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது நமது கடமைகளுள் ஒன்று என்பதை அங்கத்தினர் அறிவர். அவ்வாறு செஞ்சிக் கோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றிலுள்ள சங்கத்திற்குச் சென்றிருந்தோம். கிடங்கின் வாயிலில் நின்றால் இராஜகிரியின் உச்சி தெரியும். உள்ளே ஆடிப் பட்டத்திற்கென்று சேமித்த மணிலா விதை மூட்டைகள் அட்டி அட்டியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் அட்டியாக எண்ணிக்கொண்டு வந்து வடகிழக்கு மூலையை அடைந்தபோது, சுமை தூக்கும் தொழிலாளர் இருவரும் அப்படியே நின்றுவிட்டனர்.

"ஐயா, அந்த மூலையை மட்டும் விட்டுடுங்க. அங்கே விஷப்பல்லி குடியிருக்குது" என்றார் மூத்தவர்.

செயலாளரைப் பார்த்தோம். அவர் சற்றே தயங்கி, "போன வருஷமும் அதை எண்ணலீங்களே, பதிவேட்டில் இருந்தபடியே போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டீங்க" என்று மெல்லச் சொன்னார். உண்மைதான். சென்ற ஆண்டு வேறோர் ஊருக்குப் போகவேண்டிய அவசரத்தில், "மூலை அட்டி, பதிவேட்டின்படி" என்று எழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. அதை நினைத்தபோது நமக்குச் சுருக்கென்றது. எண்ணாததை எண்ணியதாக எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்று பிறருக்குச் சொல்லித் தரும் தொழில் நம்முடையது.

அந்த மூலையில் என்ன இருந்தது என்பதைப் பின்னால் சொல்வோம். அதற்கு முன், அன்று நம் உள்ளத்தில் எழுந்த கேள்வியை அங்கத்தினர் முன் வைக்கிறோம். பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்று நம் வீட்டிலும் வயலிலும் தறிக்கூடத்திலும் நாள்தோறும் நம்மோடு வாழும் இந்தச் சிறு பிராணிகளை நாம் அறிவோமா? எது நஞ்சுள்ளது, எது இல்லாதது, எது நமக்கு உதவுவது என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலுமா? இயலாமற்போனால் நட்டம் யாருக்கு?

ஐந்து பெயர்கள்

நம் முன்னோர் இவ்வினத்துக்குப் பல்லி, ஓணான், பச்சோந்தி, அரணை, உடும்பு என்று ஐந்து பெயர்களை வழங்கினர். இன்றைய விலங்கியல் நூல்கள் வகுத்துள்ள குடும்பங்களை எடுத்துப் பார்த்தால், அவை ஏறக்குறைய இந்த ஐந்து பெயர்களோடு ஒத்து வருகின்றன. எழுத்தறியாத உழவர் தம் கண்ணால் கண்டு பிரித்த பிரிவு, ஆராய்ச்சியாளர் உருப்பெருக்கியை வைத்துக் கண்ட பிரிவுக்கு இத்துணை நெருங்கி நிற்பது வியப்பிற்குரியது.

இவற்றை இனங்காண ஐந்து கேள்விகள் போதும். கண்ணுக்கு இமை உண்டா? விரல்கள் எவ்வாறு அமைந்துள்ளன? செதில் சொரசொரப்பானதா, மினுமினுப்பானதா? வால் ஒடிந்தால் மீண்டும் வளருமா? எங்கே, எந்நேரத்தில் நடமாடுகிறது? இந்த ஐந்துக்கும் விடை கண்டால், பார்த்த பிராணி எந்த வகையைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். நிறத்தை மட்டும் நம்பலாகாது. நிறம் வெயிலுக்கும் கோபத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறுவது.

பல்லி

பல்லியின் கண்ணுக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தோல் கண்ணை மூடி நிற்கும். அதில் தூசி படிந்தால் பல்லி தன் நாவாலேயே துடைத்துக்கொள்ளும். பகலில் அதன் கண்மணி பூனையின் கண்மணியைப் போல் ஒடுங்கி நெட்டாக நிற்கும். விரல்களின் அடியில் மடிப்பு மடிப்பான பட்டைகள் உண்டு. அப்பட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. பல்லி சுவரில் ஒட்டுவது பசையாலும் அன்று, உறிஞ்சுதலாலும் அன்று. அந்நுண்மயிர்களுக்கும் சுவருக்கும் இடையே எழும் மூலக்கூற்று ஈர்ப்பினால் என்பதை 2002-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் நிறுவினர்.

பல்லிகள் எல்லாம் ஒன்றல்ல. நம் வீட்டு விளக்கடியில் "சக், சக்" என்று ஒலிப்பது ஒருவகை. இதன் முதுகு பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். வாலில் மட்டும் வளையம் வளையமாகச் சிறு முட்கள் காணும். முதுகெங்கும் வரிசை வரிசையாகப் பருக்களும் கரும்புள்ளிகளும் கொண்டது மற்றொரு வகை. புளியமரம், வேப்பமரம் ஆகியவற்றின் பட்டையில், பட்டையின் நிறமாகவே ஒட்டிக் கிடக்கும் பெரிய பல்லி மூன்றாம் வகை. மரத்தைத் தட்டிப் பார்க்கும்வரை அது இருப்பதே தெரியாது. நான்காவது, சுவர் ஏறுவதைவிடத் தரையில் திரிவதையே விரும்புவது. தடித்த உடல், பழுப்பு நிறத்தின் மேல் அகன்ற பட்டைகள், பட்டைகளின் ஓரத்தில் வெண்மை, முதுகில் மும்முனைப் பருக்கள். கல்லுக்கு அடியிலும், பாழ்ச்சுவரின் வெடிப்பிலும், கரையான் புற்றிலும் பகலைக் கழித்து, இரவில் வெளிவந்து இரை தேடும். பார்வைக்குச் சற்று அச்சமூட்டுவதால் இதற்கு விஷப்பல்லி என்ற பழி வந்து சேர்ந்தது.

பல்லி எதற்கும் நஞ்சு கிடையாது. பால் பானையிலோ உணவிலோ பல்லி விழுந்துவிட்டால் அதைக் கொட்டிவிட வேண்டும் என்பது சரியே. ஆனால் அதற்குக் காரணம் நஞ்சன்று. பல்லியின் குடலில் வாழும் நோய்க்கிருமிகள் உணவிற் கலந்து வாந்தியும் பேதியும் உண்டாக்கக்கூடும் என்பதே. பாவுக்குப் போடும் கஞ்சிப் பானையை மூடி வைக்கவேண்டும் என்று நெசவாளர் அங்கத்தினருக்குச் சொல்வதும் தூய்மை கருதியே. பல்லி விழும் பலனும் பல்லி சொல்லும் பலனும் பஞ்சாங்கத்தில் அச்சாகி வருகின்றன. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பொற்பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குவோர் பலர். நம்பிக்கை அவரவர் உரிமை. பல்லி ஒரே இரவில் எத்தனை கொசுவையும் அந்துப்பூச்சியையும் தின்கிறது என்பதையும் அதனோடு சேர்த்து நினைவில் வைத்தல் நன்று.

வாலைப் பற்றியும் ஒரு சொல். பகை பிடித்தால் பல்லி வாலை ஒடித்துப் போட்டுவிட்டு ஓடும். துடிக்கும் வாலைப் பகை பார்த்துக்கொண்டிருக்க, பல்லி உயிர் தப்பும். மீண்டும் முளைக்கும் வாலில் எலும்பு இராது. குருத்தெலும்புத் தண்டு ஒன்றே இருக்கும். முள் வளையங்களும் முன்போல் அமையா. ஆகவே, பல்லியின் வாலைப் பார்த்தே அது ஒருமுறையேனும் ஆபத்தில் தப்பியதா என்று கூறிவிடலாம்.

ஓணானும் அதன் உறவினரும்

வேலியில் தலையாட்டும் ஓணானுக்கு இமை உண்டு. அது கண்ணை மூடித் திறக்கும். விரலடியில் ஒட்டும் பட்டை இல்லை. கூரிய நகங்களே உண்டு. செதில்கள் சொரசொரப்பாகவும் முதுகின் நடுவில் முட்சிகரமாகவும் எழுந்து நிற்கும். காதுக் குழிக்கு மேல் இரண்டு சிறு முட்கொத்துகள் இருப்பது நம் ஊர் ஓணானின் தனி அடையாளம். வால் உடலைவிட மிக நீளமானது. ஒடிந்து போனால் மீண்டும் வளராது. 1802-ஆம் ஆண்டில் தோதேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்கு இலத்தீன் மொழியில் இட்ட பெயருக்கு "நிறம் மாறுவது" என்பது பொருள்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச் சிவக்கும். இதைக் கண்டே ஓணான் தொலைவிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும் என்ற கதை பிறந்தது. ஆங்கிலேயரும் இதை இரத்தம் உறிஞ்சி என்றே அழைத்தனர். அதன் கழுத்தில் இருப்பது நம் இரத்தமன்று; பெண் ஓணானை அழைக்கவும், எதிரி ஆணை விரட்டவும் அது பூணும் கோலம். அணில் நல்லது, ஓணான் கெட்டது என்னும் பாட்டிக் கதையைக் கேட்டு வளர்ந்த சிறுவர் கல்லெறிந்து கொல்லும் ஓணான், நம் காய்கறித் தோட்டத்துப் புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் தின்று தீர்க்கும் கூலியில்லாக் காவலன்.

செஞ்சிக் கோட்டைக்குச் செல்வோர் வேறோர் ஓணானைக் காண்பர். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளும் பெரும் பாறை உருண்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்பவை. அவ்வுருண்டைகளின் உச்சியில் நண்பகல் வெயிலில் தலையை உயர்த்தி அமர்ந்திருப்பது பாறை ஓணான். வேலி ஓணானின் உடல் பக்கவாட்டில் ஒடுங்கியது. பாறை ஓணானின் உடலோ, இடுக்கில் நுழைவதற்கேற்ப மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையானது. முதுகில் முட்சிகரம் இல்லை. செதில்கள் மிகச் சிறியவை. பெண்ணும் குட்டிகளும் பாறையின் நிறமாகவே இருக்கும். ஆண் பருவகாலத்தில் செந்நிறமும் கருநிறமும் கொண்டு, தீக்கொழுந்து அமர்ந்ததுபோல் தோன்றும். இவ்வகைப் பாறை ஓணான்களைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்தபோது ஒரு புதுமை வெளிப்பட்டது. ஆண், பெண்ணைக் கண்டால் முதுகு சிவந்து பக்கங்கள் கறுக்கும். மற்றோர் ஆணைக் கண்டால் முதுகு மஞ்சளாகிப் பக்கங்கள் செம்மஞ்சளாகும். காதலுக்கு ஒரு நிறம், சண்டைக்கு வேறொரு நிறம்! இந்நிற மாற்றம் சில நொடிகளிலும் நிமிடங்களிலும் நிகழ்ந்துவிடுகிறது.

புல்லும் மணலும் கலந்த தரிசு நிலத்தில், பின்னங்கால் இரண்டை மட்டும் ஊன்றி நிமிர்ந்து ஓடும் ஒரு சிற்றோணானையும் உழவர் கண்டிருப்பர். ஆணின் கழுத்தின்கீழ் மடிந்து கிடக்கும் தோல், வேண்டும்போது பனையோலை விசிறியைப் போல் விரியும். ஓணான் இனத்தில் மற்றவற்றுக்குப் பின்னங்காலில் ஐந்து விரல்கள் இருக்க, இதற்கு நான்கே உண்டு. இதைவிட எளிய அடையாளம் வேறில்லை. 1829-இல் குவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்குப் பெயரிட்டபோது, செஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியின் பெயரையே சூட்டினார். 2016-ஆம் ஆண்டில் தென்னாட்டு விசிறிக் கழுத்து ஓணான்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள், ஒன்றின் இலத்தீன் பெயரில் "விசிறி" என்னும் தமிழ்ச் சொல்லையும், மற்றொன்றின் பெயரில் "மருதம், நெய்தல்" என்னும் திணைப் பெயர்களையும் சேர்த்தனர். வயலிலும் கடற்கரையிலும் வாழ்வதால் அவ்வோணானுக்கு அப்பெயர் பொருந்திற்று. உலகமெங்குமுள்ள ஆராய்ச்சிக் கூடங்களில் இன்று நம் மொழிச் சொற்கள் ஓர் ஓணானின் பெயராக வழங்குகின்றன என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்றோ?

பச்சோந்தி

நிறம் மாறும் எந்த ஓணானையும் பச்சோந்தி என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையான பச்சோந்தி வேறு. இந்தியா முழுமைக்கும் ஒரே வகைப் பச்சோந்திதான் உண்டு. அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, குறடு போல் கிளையைப் பற்றும். கண்கள் கூம்பு வடிவில் புடைத்து, ஒரு கண் மேலே பார்க்க மறு கண் கீழே பார்க்கும். வால் சுருள் சுருளாகச் சுருண்டு கிளையைச் சுற்றிக்கொள்ளும். நடையோ காற்றில் ஆடும் இலையைப் போல் முன்னும் பின்னும் ஆடி ஆடிச் செல்லும் நடை. உடலளவு நீளமுள்ள நாவை எறிந்து பூச்சியைப் பிடிக்கும். கருவேல மரத்திலும் வேலிப் புதரிலும் இருந்து, முட்டையிடுவதற்காகத் தரையில் இறங்கும்போது மக்கள் கண்ணிற் பட்டு, நஞ்சுள்ளதென்று அடிபட்டு மாள்கிறது. இதற்கும் நஞ்சில்லை, ஓடவும் தெரியாது.

அரணை

அரணையின் அடையாளம் அதன் மினுமினுப்பு. எண்ணெய் தடவினாற்போன்ற செதில்கள் ஓட்டு வில்லைகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். கழுத்து தனியே தெரியாது, கால்கள் குறியவை. நம் வீட்டு முற்றத்தில் காணும் பெரிய அரணையின் முதுகுச் செதில் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தால், அதில் மூன்று மெல்லிய வரம்புகள் ஓடுவதைக் காணலாம். பக்கத்தில் வெளிறிய கோடு ஒன்று நீளும். குப்பையிலும் எருக்குழியிலும் வாழும் மற்றொரு வகைக்கு உடல் மெலிந்து நீண்டு, கால்கள் பெயரளவுக்கே இருக்கும். அதன் குட்டிகளுக்கு வால் சிவந்திருக்கும். ஓடும்போது கால்கள் கண்ணிற்படாமையால், அதைப் பாம்புக்குட்டி என்று அடிப்பவர் பலர்.

புல்வெளியில் கோடு கோடாக ஓடும் மெல்லிய பிராணி ஒன்றை அரணை என்று எண்ணுவோரும் உண்டு. அது அரணையன்று. அதன் கண்ணுக்கு இமை அசைவதில்லை. பாம்பின் கண்போல் எப்போதும் திறந்தே இருக்கும். 1816-இல் புதுச்சேரிக்கு வந்து தங்கி, நம் நாட்டுச் செடிகொடிகளையும் பிராணிகளையும் சேகரித்த லெஷெனோ என்பவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

"அரணை கடித்தால் மரணம்" என்பது பழமொழி. கடிக்க வந்த அரணை மறந்துபோய்த் திரும்பிவிடும் என்பது மற்றொரு வழக்கு. இரண்டுமே உண்மையல்ல. அரணைக்கு நஞ்சும் இல்லை. அது மறதிக்காரனும் அன்று. ஆயினும் இவ்விரண்டாம் வழக்கு ஒரு மனிதரின் உயிரை வாங்கப் பார்த்த கதையை நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் நமக்குச் சொன்னார். அதை அவர் சொன்னபடியே தருகிறோம்.

அவர் குழித்தறி நெசவாளர். ஒருநாள் விடியுமுன்னரே எழுந்து, விளக்கைப் பாவின் மேற்புறம் வைத்துவிட்டு, இருட்டுக் குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையைத் தேடினார். முள் குத்தியதுபோல் இருந்தது. குனிந்து பார்க்கையில், பளபளவென்ற ஏதோ ஒன்று கட்டைக்கு அடியில் மறைந்தது. "அரணைதான், அது கடிக்க மறந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டு நாடாவைத் தட்டலானார். வீக்கம் இல்லை, வலியும் இல்லை. சற்றுப் பொறுத்துத் தூக்கம் வந்ததுபோல் இமைகள் தாமே தாழ்ந்தன. பேச்சுக் குழறிற்று. அவர் மனைவியார் தறியை நிறுத்தச் சொல்லி, பக்கத்து வீட்டாரின் வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். கடித்தது கட்டுவிரியன் என்று மருத்துவர் கூறினர். நச்சுமுறி மருந்து ஏற்றப்பட்டு, பல நாள் கிடந்து, அவர் பிழைத்து வந்தார். இன்று குழியில் காலை வைக்குமுன் விளக்கைக் குழிக்குள் காட்டி, கோலால் ஒருமுறை துழாவிவிட்டே அமர்கிறார்.

அங்கத்தினர் இதை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். அரணைக்குக் கால் உண்டு, இமை உண்டு, காதுத் துளை உண்டு. பாம்புக்கு இவை மூன்றும் இல்லை. ஆனால் இருட்டில், ஓடும் பிராணியிடம் இவற்றைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகையால், எது கடித்தது என்று கண்ணால் தெளிவாகக் காணாத எந்தக் கடியையும் பாம்புக் கடியாகவே கொள்க. கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யலாகாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நடக்கவிடாமல், 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்க. அங்கு நச்சுமுறி மருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது.

அம்மருந்தின் பின்னே ஒரு கூட்டுறவுச் சங்கம் நிற்கிறது என்பதை நம் அங்கத்தினர் அறிந்தால் பெருமை கொள்வர். சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978-ஆம் ஆண்டில் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அது. முன்பு பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பிழைப்பின்றித் தவித்தனர். அவர்களே சங்கமாகக் கூடி, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடும் தொழிலைத் தொடங்கினர். இந்நாட்டில் நச்சுமுறி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை இச்சங்கமே தந்து வந்துள்ளது. அதன் அங்கத்தினரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தடத்தைப் பார்த்தே பிராணியைச் சொல்லும் அவர்தம் அறிவு எந்தப் பட்டத்திற்கும் குறைந்ததன்று.

உடும்பு

இவ்வினத்தில் மிகப் பெரியது உடும்பு. ஒன்றே முக்கால் மீட்டர் வரை வளரும். அதில் பாதிக்கு மேல் வாலே. பாம்பைப் போல் பிளவுபட்ட நாவை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும். ஓணானுக்கும் அரணைக்கும் இவ்வாறு நீண்டு ஆழப் பிளந்த நா கிடையாது. குட்டி உடும்பின் உடலில் புள்ளிகளும் பட்டைகளும் தெளிவாக இருப்பதால், அதை வேறொரு நச்சுப் பிராணி என்று மயங்குவதுண்டு. வண்டு, நண்டு, எலி, முட்டை, செத்த பிராணி என எல்லாவற்றையும் தின்று வயலைத் தூய்மை செய்வது உடும்பு.

"உடும்புப் பிடி" என்பதை அறியாதார் இல்லை. 1670-இல் சிங்ககட் கோட்டையைப் பிடிக்கச் சென்ற தானாஜி, உடும்பின் இடையில் கயிறு கட்டி மதிலேறினார் என்று மராட்டிய நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. அது செவிவழிக் கதையே அன்றி வரலாற்று ஆதாரம் உடையதன்று. எனினும், 1677-இல் சிவாஜி கைப்பற்றிய நம் செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் மற்றப் பதினொரு மராட்டியக் கோட்டைகளுடன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததை எண்ணும்போது, அக்கதை நினைவுக்கு வராமற் போகாது. கஞ்சிராவுக்குத் தோலாகவும், மருந்தென்று நம்பி இறைச்சியாகவும் உடும்பு மிகுதியும் வேட்டையாடப்பட்டது. இன்று அது சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி. அதைக் கொல்வோர்க்கு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வயலில் உடும்பு கண்டால் வழிவிட்டு நிற்பதே முறை.

மீண்டும் அந்த மூலைக்கு

இனிக் கிடங்கிற்கு வருவோம். தொழிலாளரைக் கட்டாயப்படுத்த நாம் விரும்பவில்லை. அவர்தம் அச்சம் நடிப்பன்று. ஆகவே, விளக்கை வாங்கிக்கொண்டு நாமே முன் சென்று, செயலாளரின் துணையோடு மேல் வரிசை மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். நான்காம் மூட்டையின் பின்னால், சுவரின் வெடிப்பில், அது இருந்தது. ஒரு சாண் அளவுகூட இராது. தடித்த உடல், அகன்ற பட்டைகள், வெண்ணிற ஓரம். விளக்கொளி பட்டதும் பட்டை வால் அசைய வெடிப்புக்குள் ஒதுங்கிற்று. தரையில் திரியும் பல்லி, கரையான் புற்றில் வாழும் பல்லி என்று மேலே சொன்னோமே, அதுவே.

"இதுதானுங்களா?" என்றார் மூத்த தொழிலாளர். அவர் குரலில் ஏமாற்றமும் நாணமும் கலந்திருந்தன.

அப்பொழுதுதான் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. கரையானைத் தின்னும் பல்லி இங்கே ஏன் குடியிருக்கவேண்டும்? எஞ்சிய மூட்டைகளையும் இறக்கச் சொன்னோம். இம்முறை தொழிலாளர் இருவரும் தாமாகவே முன் வந்தனர். அடி வரிசை மூட்டைகளைத் தூக்கியபோது சாக்கு கையோடு வந்தது. விதை தரையில் கொட்டிற்று. தரைப் பூச்சு வெடித்த இடத்திலிருந்து மண் குழாய் இட்டு ஏறிய கரையான், சாக்கைத் தின்று, மணிலாத் தோலை அரித்து உள்ளே புகுந்திருந்தது. ஈரம் ஏறிய பருப்பில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அடி வரிசை முழுவதும் விதைக்குப் பயன்படாததாயிற்று.

அந்த விதை யாருடையது? ஆடியில் மழை விழுந்ததும் சாக்கும் கையுமாக வந்து நிற்கப்போகும் சிறு உழவர்களுடையது. சென்ற ஆண்டே அந்த மூலையை எண்ணியிருந்தால், சேதம் ஒன்றிரண்டு மூட்டையோடு நின்றிருக்கும். இல்லாத நஞ்சுக்கு அஞ்சி ஓராண்டு முழுவதும் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அந்த ஓராண்டும் கரையான் ஒதுங்கி நிற்கவில்லை. கரையானோடு போராடிக்கொண்டிருந்தது அந்தப் பல்லி ஒன்றே. அதன் வயிறு எவ்வளவு கொள்ளும்?

பல்லி இருக்கும் இடமெல்லாம் கரையான் இருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், எந்தப் பிராணி எங்கே ஏன் வாழ்கிறது என்று அறிந்தவன் கண்ணுக்கு அது ஒரு செய்தி சொல்லும். அறியாதவனுக்கு அதுவே அச்சமாகிறது.

அன்றைய அறிக்கையில் சேதத்தை உள்ளபடி எழுதினோம். சென்ற ஆண்டு மூலை அட்டி எண்ணப்படவில்லை என்பதையும், அதற்குக் கையொப்பமிட்டவர் நாமே என்பதையும் எழுதினோம். எழுதும்போது கை சற்றே நடுங்கிற்று. எழுதி முடித்தபின் மனம் இலேசாயிற்று. அடுத்து வந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தரையைப் பூசவும், மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மரச்சட்டத்தின் மேல் அடுக்கவும் தீர்மானம் நிறைவேறிற்று. விதைப்புக்கு முன் குறைந்த விதையை வேறிடத்தில் வாங்கி ஈடு செய்தனர். அதற்கான செலவு அங்கத்தினரின் இலாபப் பங்கில்தான் கழிந்தது.

சில வாரங்களுக்குப் பின் அவ்வழியே செல்ல நேர்ந்தபோது கிடங்கில் நுழைந்து பார்த்தோம். தரை புதிதாகப் பூசப்பட்டிருந்தது. சுவர் வெடிப்பு மட்டும் பூசப்படாமல் இருந்தது. "ஏன் இதை விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டோம்.

மூத்த தொழிலாளர் சிரித்தார். "அது அங்கேயே இருக்கட்டுமுங்க ஐயா. நம்மைவிட அது நல்லாக் கணக்குப் பார்க்குது" என்றார்.